லேமினேட் செய்த நாற்பது வாக்கியங்கள்

லேமினேட் செய்த தாளைக் கையால் கிழிக்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஆளில்லாத ஆசிரியர் அறையில், பல்லைக் கடித்துக்கொண்டு. தாள் வளைந்தது, நெளிந்தது, கட்டை விரலை ஒரு கோடாக அறுத்தது. கிழியவில்லை. இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் நான் தட்டச்சு செய்த நாற்பது வாக்கியங்கள். மறுபக்கத்தில் அழியாத கறுப்பு மார்க்கரில், வேறொருவருடைய அவசரக் கையெழுத்தில், மூன்றே வரிகள். அந்தக் கையெழுத்துக்குரியவரை ஆசிரியர் அறையில் நாங்கள் ‘கோர்ட்டு டீச்சர்’ என்று கூப்பிடுவோம். ஒரே ஒரு பருவம்தான் எங்களோடு இருந்தார். என் இருபத்திரண்டு ஆண்டு வேலையைத் தலைகீழாகப் புரட்டிப் போட அவருக்கு அதில் மூன்று நாள் போதுமாக இருந்தது.

முதலில் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் வடக்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியன். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகளின் கையில் ‘அழகிய சொற்றொடர்கள்’ என்ற தாளைக் கொடுப்பேன். விடியல் என்றால் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி உலகைத் தழுவுவான். பயம் என்றால் உடல் வெடவெடக்கும், நா வறளும். துக்கம் என்றால் தலையில் இடி விழும், கண்ணீர் அருவியாகக் கொட்டும். மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கட்டுரையில் செருகினால் மதிப்பெண் நிச்சயம். தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில், சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு மாடிக் கடையில் மொத்தமாக லேமினேட் செய்து வாங்குவேன். இளஞ்சூட்டோடு, பிளாஸ்டிக் வாசனையோடு அந்தத் தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வரும்போது, ஏதோ பிரசாதம் கொண்டுபோகிறவனைப் போல எனக்கொரு பெருமை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பாதி வீடுகளில் தமிழ் ஒரு கரண்டி அளவுதான் புழங்குகிறது, மீதிச் சோறெல்லாம் ஆங்கிலம். அந்த ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு தேர்வில் விருந்து படைக்கச் சொன்னால் எங்கே போவார்கள்? ஆகவே விருந்தை நானே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு இயந்திரம் வந்தது. கேட்டால் எழுதும், கேட்காவிட்டாலும் எழுதிவிடும்போல் இருந்தது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஒரே கவலை. பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்றார் கணித ஆசிரியர். வீட்டுப்பாடம் கொடுப்பதில் இனி அர்த்தமே இல்லை என்றார் அறிவியல் ஆசிரியை. “நம்ம வேலையே போயிடும் சார், பேசாம கேன்டீன்ல மீ கோரெங் நூடுல்ஸ் வறுத்துப் போடலாம் லா,” என்று என் தமிழ்ப்பிரிவுச் சகா சிரித்தார். சிரிப்பு அரைகுறையாக நின்றது. எழுதியது பிள்ளையா இயந்திரமா என்று சொல்லும் கண்டறியும் கருவி ஒன்றைப் பள்ளி வாங்கியது. சந்தேகமென்றால் கட்டுரைக்கு மேலே ஒரு சிவப்புப் பட்டை நீளும். அதோடு சேர்த்து இன்னொன்றும் வந்தது. கட்டுரையைக் காட்டினால் ஆசிரியர் எழுத வேண்டிய குறிப்புரையை அதுவே எழுதித் தரும். மாணவர்கள் இயந்திரத்தைப் பயன்படுத்துவது பற்றி நான் கூட்டங்களில் கையை உயர்த்திக் கவலை தெரிவித்தேன். மாலையில் உட்கார்ந்து எண்பது கட்டுரைகளுக்கான குறிப்புரைகளை இயந்திரத்தை விட்டு எழுத வைத்தேன். இரண்டும் ஒரே மனிதன் செய்ததுதான். அப்போது அது எனக்கு விசித்திரமாகவே படவில்லை.

எங்கள் சகாக்களில் ஒருவர் பேறுகால விடுப்பில் போன பருவத்தில்தான் கோர்ட்டு டீச்சர் மாற்றாசிரியராக வந்தார். நீதிமன்றத்தில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர். என் வயதுதான். கட்டையாக வெட்டிய முடி, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், கைப்பைக்குப் பதில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. எனக்கு அடுத்த மேசை. பிள்ளைகளின் தாளைத் திருத்தும்போது உதடு அசைய ஒவ்வொரு வாக்கியத்தையும் முணுமுணுத்துப் படிப்பார். எரிச்சலாக இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன், மனதுக்குள் படிக்கக் கூடாதா என்று. “மனசுக்குள்ள படிச்சா என் குரல்தான் சார் கேக்குது. வாய்விட்டுப் படிச்சாத்தான் அவங்க குரல் வருது,” என்றார்.

வேலையைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒரு கதை மட்டும் சொன்னார். கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் கூண்டில் நின்றபடி “அடிச்சேன், ஆனா அடிக்கல” என்றாராம். இவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது என்று வழக்கறிஞர் எரிந்து விழுந்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சற்று விளக்கமாகச் சொல்லுங்கள் என்று எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். “விளக்கம் வேணும்னா அவர்கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டேன் சார். அவர் சொன்னதச் சொல்றதுதான் என் வேலை. அவர் சொல்லியிருக்க வேண்டியத நான் சொல்லக் கூடாது.” அப்புறம் அந்தத் தொழிலாளியிடமே கேட்டபோது, அடிக்கக் கை ஓங்கியதையும் பாதியில் நின்றுவிட்டதையும் அவரே சொன்னாராம். கதையை முடித்துவிட்டுக் கோர்ட்டு டீச்சர் தன் காப்பியைக் குடித்தார். நானும் நல்ல கதை என்று தலையாட்டிவிட்டு என் திரைக்குத் திரும்பினேன்.

அந்தப் பருவத்தின் ஏழாவது வாரம், உயர்நிலை நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘எதிர்பாராத செய்தி’ என்ற தலைப்பில் வீட்டிலிருந்து கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரு மாணவியின் கட்டுரைமேல் சிவப்புப் பட்டை முழு நீளத்துக்கு ஓடியது. மார்சிலிங்கில் இருந்து வரும் பிள்ளை. அப்பா லாரி ஓட்டுகிறவர். வகுப்பில் கடைசிக்கு முந்திய வரிசை, கேட்டால் மட்டும் பேசுவாள், அதுவும் பாதி ஆங்கிலத்தில். கட்டுரையைத் திறந்தேன். ஊரில் சித்தப்பா இறந்துபோன செய்தி தொலைபேசியில் வருகிறது, வீடே துக்கத்தில் மூழ்குகிறது. ஒரு பிழை இல்லை. சந்திகள்கூடச் சரியாக இருந்தன. இரண்டு நிமிடம் பார்த்திருப்பேன். புதன்கிழமை காலை அவளைக் கூப்பிட்டேன். “நான்தான் சார் எழுதுனேன்,” என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். என் வாழ்நாளில் நான் உச்சரித்த எல்லாவற்றிலும் அதைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புகிறேன், முடியாது. “இவ்வளவு அழகா நீ எழுதமாட்ட மா.”

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் துணைமுதல்வருக்கு அறிக்கை அனுப்பினேன். நடைமுறை எளிது: கட்டுரைக்குப் பூஜ்யம், மாணவர் பதிவில் ஒரு குறிப்பு, பெற்றோருக்குக் கடிதம். கடிதம் வெள்ளிக்கிழமை போகும். என் கையெழுத்தோடு.

“எவிடென்ஸ் எங்க சார்?” என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது. பட்டையைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். “இது எவிடென்ஸ் இல்லையே. இது அபிப்பிராயம். கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ணலாம்னா அபிப்பிராயம் சொன்ன ஆளே இல்ல.” அவர் விடவில்லை. கட்டுரைக்கு அடியில் ஏற்கெனவே ஏறியிருந்த குறிப்புரையைத் தன் வழக்கப்படி வாய்விட்டுப் படித்தார். ‘உணர்வுகளை மிகச் சிறப்பாக வெளிப்படுத்தியுள்ளாய். சொல்வளம் பாராட்டத்தக்கது.’ படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இதை எழுதுனது யாரு சார்?” நான் அந்தப் பக்கத்தை மூடப் போனேன். “பிள்ளை எழுதுனத மெஷின் எழுதுச்சுங்கிறீங்க. மெஷின் எழுதுனதுக்குக் கீழ உங்க பேரப் போட்டிருக்கீங்க. வெள்ளிக்கிழமை லெட்டரை யார் வீட்டுக்கு அனுப்பணும்?”

எனக்குக் கோபம் வந்தது. பிடிபட்டவனுக்கு வருகிற கோபம். வேலைப் பளு, எண்பது கட்டுரைகள், புதிதாய் வந்தவருக்கு என்ன தெரியும் என்றெல்லாம் பொரிந்தேன். அவர் காது கொடுத்துக் கேட்டார், ஒரு சாட்சியைக் கேட்பதுபோல, இடைமறிக்காமல். அன்று மாலை, தாளைத் தொலைத்த பிள்ளைகளுக்காகத் தேக்காவில் புதிய தாள்களை வாங்கப் போக வேண்டியிருந்தது. “நானும் வரேன், பூ வாங்கணும்,” என்று கூடவே ரயிலேறினார். தாள்களை வாங்கிக்கொண்டு இறங்கியபோது, சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு மேசையைக் காட்டி உட்காரச் சொன்னார். நுரை ததும்ப இரண்டு தே தாரிக் தேநீர் வந்தது. வேலை முடிந்து வந்த கூட்டம், மீன் வாடை, மல்லிகை, வெங்காய மூட்டை, நாலாபுறமும் தமிழ். எங்களுக்கு அடுத்த மேசையில் ஓர் இளைஞர், சிமெண்டுத் தூசி படிந்த காலணியோடு, கைப்பேசியில் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். தட்டில் ஒற்றைப் பரோட்டா, ஒரு கிண்ணம் குழம்பு. கைப்பேசியைத் தட்டு தெரியாத உயரத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். “சாப்ட்டேன் மா. மீனு. இவ்ளோ பெரிய மீனு. ஒருத்தனால திங்க முடியல, போ.”

கோர்ட்டு டீச்சர் என் பக்கம் குனிந்தார். “இத உங்க தாள்ல எந்த நம்பர்ல போடுவீங்க சார்?”

மடியில் சூடாக இருந்த கட்டு திடீரென்று கனத்தது. பதினொன்றாம் எண், ‘தாயின் நினைவு நெஞ்சை வாட்டியது’. பன்னிரண்டு, ‘பிரிவுத் துயரில் துவண்டேன்’. இரண்டுமே அந்த மேசைக்குப் பொருந்தவில்லை. அவர் வாட்டமாகவும் இல்லை, துவளவும் இல்லை. கைப்பேசியை உயரே தூக்கிப் பிடித்திருந்தார், அவ்வளவுதான். தோள் வலித்திருக்கும்.

மறுநாள் வியாழக்கிழமை, இடைவேளையில், கோர்ட்டு டீச்சரே அந்த மாணவியை அழைத்துவந்தார். நின்றுகொண்டிருந்தவளை உட்கார வைத்தார். நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார். இந்தக் கட்டுரையை எப்படி எழுதினாய் என்று கேட்டார். அவள் பையைத் திறந்து, ஓரம் தேய்ந்த லேமினேட் தாளை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். “சார் குடுத்த ஷீட்லேர்ந்துதான் டீச்சர். எல்லாம் மெமரைஸ் பண்ணேன். ஃபோர்ட்டியும்.” கோர்ட்டு டீச்சர் கட்டுரையை அச்செடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு வரி இங்கே, ஒரு வரி அங்கே என்று விரல் வைத்துப் படித்தார். ஐந்து. ஒன்பது. பதினான்கு. இருபத்திரண்டு. தலையில் இடி. அருவியாய்க் கண்ணீர். பேரிடியாய் வந்த செய்தி. மீளாத் துயர். அந்தப் பிள்ளை சொந்தமாகச் சேர்த்தது ‘சித்தப்பா’ என்ற ஒரு சொல்லைத்தான். எந்த இயந்திரமும் அதை எழுதவில்லை. நான் எழுதியிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன்பே, தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு. இரண்டு நிமிடப் பார்வையில் அது எனக்கே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. ஆளின் வாசனை துளிகூட ஒட்டாத நாற்பது வாக்கியங்களை நான் பிள்ளைகளின் வாயில் திணித்திருந்தேன். கருவி அதை முகர்ந்து பார்த்து, இது மனிதன் எழுதியதல்ல என்றது. நியாயமான தீர்ப்பு. குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்தோம்.

“சரி மா,” என்றார் கோர்ட்டு டீச்சர். “ஃபோன் வந்தப்ப நெஜமா என்ன நடந்துச்சு?”

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள். கோர்ட்டு டீச்சரின் கை பழக்கத்தில் காகிதம் தேடியது. அகப்பட்டது அந்தத் தாள்தான். திருப்பிப் போட்டு, வெண்பலகைக்கு என்று நினைத்து எடுத்த அழியாத மார்க்கரில், அவள் சொல்லச் சொல்ல எழுதினார்:

அப்பா அழல.
ஃபேனை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தாரு.
வேர்த்துச்சு. யாரும் ஃபேனைப் போடல.

எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்துக் காட்டி, “சரியா மா? நீ சொன்னதுதானா?” என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். ஏன் இதைக் கட்டுரையில் எழுதவில்லை என்று நான் கேட்டேன். “அது அழகா இல்லையே சார்,” என்றாள்.

கடிதம் போகவிருந்த வீடு அது. தம்பி செத்த செய்தி கேட்டு ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடம், அந்தச் சாவைப் பற்றி உங்கள் மகள் எழுதியது ஏமாற்று என்று என் கையெழுத்தோடு ஒரு காகிதம் போகவிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை துணைமுதல்வர் அறைக்குப் போனேன். நல்ல மனிதர், பொறுமைசாலி. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அவர் ஒரு சமரசம் சொன்னார்: பதிவில் எதுவும் வேண்டாம், கடிதமும் வேண்டாம், அந்தப் பெண் வேறு தலைப்பில் ஒரு கட்டுரை மறுபடி எழுதட்டும், விஷயம் முடிந்தது. முந்தின வாரத்து நான் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பேன். முடியாது என்றேன். அவள் மறுபடி எழுத மாட்டாள், அவள் குற்றம் செய்யவில்லை. நான்தான் எழுத வேண்டும், மன்னிப்புக் கடிதம், அவளுக்கு. அதோடு இன்னொன்றும் சொன்னேன். என் வகுப்புகளுக்குக் குறிப்புரைக் கருவி வேண்டாம், கண்டறியும் கருவியும் வேண்டாம். பிள்ளைகள் என் கண்முன்னால் கையால் எழுதுவார்கள், நான் என் கையால் திருத்துவேன். அத்தனை கட்டுரைகளுக்கும் நேரம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். இல்லைதான். ஆனாலும் செய்வேன் என்றேன். அவர் அறிக்கையைத் திரையிலிருந்து நீக்கினார். அன்று மதியம்தான் தாளைக் கிழிக்கப் பார்த்து விரலை அறுத்துக்கொண்டது. மாணவி என் மேசையில் விட்டுப்போன அதே தாள். கோர்ட்டு டீச்சர் கதவருகே நின்று பார்த்திருக்கிறார். “கிழிக்காதீங்க சார். பின்னாடி சாட்சி இருக்கு,” என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

இதற்குப் பிறகு எல்லாம் செழித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த அரையாண்டில் என் வகுப்பின் மதிப்பெண்கள் சரிந்தன. பொற்கரக் கதிரவன் இல்லாமல் பிள்ளைகள் விடியலை எப்படி எழுதுவது என்று தவித்தார்கள். ‘அம்மா லைட்டைப் போட்டாங்க, நான் போர்வைக்குள்ள இருந்தேன்’ என்று ஒருவன் எழுதினான். ஒரு தந்தை தொலைபேசியில் கத்தினார்: “டியூஷன்ல குடுக்கிற ஷீட்டைக்கூட யூஸ் பண்ணாதேன்னு சொல்றீங்களாமே, என்ன சார் இது?” ஆண்டு இறுதியில் என் பணி மதிப்பீட்டில், ஒத்துழைப்பில் இன்னும் வளர்ச்சி தேவை என்று அழகான ஒரு பத்தி இருந்தது. மிக அழகான பத்தி. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். யார் குரலும் வரவில்லை.

நான் இயந்திரத்தின் விரோதி என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதன்மேல் கோபமே கிடையாது. நான் அரைகுறையாகச் செய்த வேலையை அது முழுமையாகச் செய்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் யோசிக்க மறந்துவிடுவார்கள் என்று கூட்டங்களில் இன்றும் கவலைப்படுகிறார்கள். கைத்தட்டல்கூடக் கிடைக்கிறது. மறக்கடிக்கும் வேலையை அது வருவதற்கு முன்னாலேயே எந்தத் தாளில் தொடங்கினோம் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். கையை உயர்த்தியதும் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. பார்க்கட்டும்.

கோர்ட்டு டீச்சர் அந்தப் பருவத்தோடு போய்விட்டார். இப்போது மருத்துவமனைகளில் முதியவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மொழிபெயர்க்கிறார். எப்போதாவது குரல் செய்தி அனுப்புவார், தட்டச்சு செய்யவே மாட்டார். பின்னணியில் யாரோ இருமுவார்கள். “இன்னைக்கு ஒரு தாத்தா டாக்டர்கிட்ட, ‘வலி இல்ல, ஆனா அது இருக்கு’ன்னாரு சார். அப்படியே சொல்லிட்டேன்.” அவ்வளவுதான் செய்தி.

சென்ற மாதம் பிரிவுக் கூட்டத்தில் புதிய திட்டம் ஒன்றைச் சொன்னார்கள். மாணவர்கள் கேட்டதும் மாதிரி வாக்கியங்களை எடுத்துக் கொடுக்கும் உதவிக் கருவி. அதற்கு ஊட்டுவதற்கு எல்லாரும் தங்கள் சொற்றொடர்த் தாள்களை ஏற்ற வேண்டும். குறிப்பாக என்னுடையது, அது பல பள்ளிகளில் பிரதியெடுக்கப்பட்ட தாளாம். தர மாட்டேன் என்றேன். இளம் சகா ஒருத்தி, எனக்குப் பிடித்தமானவள், கெஞ்சலும் கிண்டலுமாகச் சொன்னாள்: “சார், ஒரே ஒரு ஷீட் தானே லா. அதுக்கு இப்படி எம்.ஆர்.டி. ரயில் முன்னாடி விழுற மாதிரி நிக்கிறீங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தரவில்லை.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்தபோது அந்த மாணவியிடம் அனுமதி கேட்டேன். இப்போது தொழிற்கல்லூரியில் தாதியர் பயிற்சி பெறுகிறாள். அந்த மூன்று வரிகள் அவளுடையவை, அவளுடைய அப்பாவுடையவை. எனக்கோ இயந்திரத்துக்கோ எடுத்தாள உரிமையில்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அழைத்தாள்.

“அப்பா ஓகேன்னுட்டாரு சார். ஆனா ஒண்ணு. ‘மின்விசிறி’ன்னு மாத்திடாதீங்க லா. எங்க வீட்ல இருக்கிறது ஃபேன்தான்.”

மாற்ற மாட்டேன் மா என்றேன். இழுப்பறையைத் திறந்து தாளைப் புரட்டி, அவள் பக்கம் மேலே வரும்படி வைத்தேன். கட்டை விரலில் பழைய கோடு இன்னும் மெலிதாகத் தெரிகிறது. நாற்பது வாக்கியங்களும் முகம் குப்புறக் கிடக்கின்றன. தாள் கிழியாது. கிழிய வேண்டாம்.